சாரக்கட்டு

ஹைதராபாத்தின் மல்காஜ்கிரியில், மௌலாலிக் குன்று கண்ணுக்குத் தெரிகிற தெரு ஒன்றில், ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சு வேலைக்காகச் சாரம் கட்டியதை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து ஆதியோடந்தமாகப் பார்க்கும் பாக்கியம் அண்மையில் எனக்குக் கிடைத்தது.

நாம் சவுக்கு என்பதைத் தெலுங்கர் சருகுடு என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், ரயில் என்ஜின்களுக்கு விறகு வேண்டுமென்று கிழக்குக் கடற்கரை மணலில் வளர்க்கப்பட்ட அந்த மரந்தான் இன்று பந்தலுக்கும் சாரத்துக்கும் காலாக நிற்கிறது.

கட்டுகிறவர் நடுவயதுக்காரர். நட்ட கம்பை ஒரு காலால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, நனைத்துப் பதமாக்கிய தேங்காய்நார்க் கயிற்றை அதில் ஒரு முடிச்சால் நிறுத்தி, குறுக்குக் கம்பின் மேலும் கீழுமாக நான்கு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் உடம்பின் பாரமெல்லாம் கொடுத்து இழுத்தார். கட்டு முடிந்தது என்றே எண்ணினேன். ஆனால் அவர் கயிற்றை இரண்டு கம்புகளுக்கும் நடுவே நுழைத்து, முன்பு சுற்றிய சுற்றுகளையே வளைத்து மேலும் இரண்டு முறை இறுக்கினார். கட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது: முதற் சுற்றுகள் மரத்தை மரத்தோடு சேர்க்கின்றன, இந்த இடைச்சுற்றோ கயிற்றைக் கயிற்றாலேயே நெருக்கி, மிச்சமிருந்த தளர்ச்சியை எல்லாம் வாங்கிவிடுகிறது. நைலான் கயிறு பலத்தில் உயர்ந்ததே ஆயினும் வழுவழுப்பால் நழுவும் சுபாவமுடையது. தேங்காய் நாரின் சொரசொரப்போ மரத்தைக் கவ்விக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு சாய்வாக ஒரு கம்பு கட்டாயம் வேண்டும். சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது.

நம் கடற்கரையில் கட்டுமரத்தையும் இவ்வாறே ஆணியின்றிக் கட்டி, கரை சேர்ந்ததும் அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் நம்முடைய இந்தச் சொல்லிலிருந்து போனதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெயிலும் மழையும் நாரை நைத்துவிடுமாதலால், தினமும் காலையில் கட்டுகளைச் சோதிக்காமலும், இடுப்பு வார் கொடுக்காமலும் ஒரு மனிதரை மேலே ஏற்றுவது மகா பாபம்.

பூச்சு முடிந்த அன்று, கட்டுகளை மேலிருந்து கீழாக அவிழ்த்து, நைந்த கயிறு போக நல்லதைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கம்புகளை வண்டியில் ஏற்றினார்கள். அருகில் போய்ப் பார்த்தேன். ஒன்றிலும் ஆணித் துளை இல்லை. கயிறு கிடந்த இடத்தில் மட்டும் பட்டை தேய்ந்து பளபளத்தது.