பள்ளி வாசலில் சாலைக் காவலர்: தொண்டு அல்ல, வேலை



சித்தூரிலும் திருப்பதியிலும் காலை எட்டரை மணிக்குச் சாலையைக் கால்நடையாகக் கடக்கும் பிள்ளைகள் யாருடையவர்கள்? கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளையைத் தனியார் பள்ளிப் பேருந்து வாசலிலேயே இறக்கிவிடுகிறது. அரசுப் பள்ளிக்கும் நகராட்சிப் பள்ளிக்கும் நடந்து செல்வது விசைத்தறித் தொழிலாளியின், கட்டடத் தொழிலாளியின், துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளை. சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை நகரி, புத்தூர் வழியாகவும், கர்நூல்–ராணிப்பேட்டை நெடுஞ்சாலை சித்தூர் வழியாகவும் செல்கின்றன. யாத்திரிகர் வாகனங்களுக்கும் சரக்கு லாரிகளுக்கும் நடுவேதான் இப்பிள்ளைகள் கடக்க வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று ஒன்றிய அரசின் அறிக்கையே கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். இதைத் தலைவிதி என்று சொல்ல முடியாது. அரசு எதற்குப் பணம் ஒதுக்குகிறது என்பதன் விளைவு இது. திருப்பதியில் 600 கோடி ரூபாய்க்கும் மேல் செலவழித்துக் கட்டப்பட்ட சீனிவாச சேது மேம்பாலம் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டது. வாகனங்கள் நிற்காமல் செல்ல அது உதவுகிறது. பாலத்தின் கீழே சாலையைக் கடக்கும் சிறுமிக்கு, வாகனத்தை நிறுத்தும் ஒரு மனிதக் கை தேவை. அதற்குக் கோடிகள் வேண்டியதில்லை. மாதச் சம்பளம் வேண்டும்.

போக்குவரத்துக் காவலர் இருக்கிறாரே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். திருப்பதியில் பிரம்மோற்சவமும் முக்கியப் பிரமுகர் வருகையும் வந்தால் காவலர் முதலில் அந்தப் பாதுகாப்புப் பணிக்கே அனுப்பப்படுகிறார். ஊர்க்காவல் படையினரின் நிலையும் அதுவே. அவர்களது நாள்படி, காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அந்த நீதிக்காக அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

அடுத்து முன்வைக்கப்படுவது ‘தன்னார்வலர்’ யோசனை. அதன் பொருளை ஆந்திர மக்கள் அனுபவத்தில் அறிவார்கள். 2019-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் கிராம, வார்டு தன்னார்வலர்களாக அமர்த்தப்பட்டனர். 2021-இல் ஊதிய உயர்வு கேட்டபோது, இது வேலையல்ல, சேவை என்று பதில் வந்தது. 2024-இல் ஆட்சி மாறியபின் அந்த ஏற்பாடே கைவிடப்பட்டது. மதிப்பூதியம் பெற்றவருக்கு நியமன ஆணையின் பாதுகாப்பு இல்லை. ஆகவே, வேலையிழந்தவர் என்ற பெயர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் தொடங்கி 42 நாட்கள் போராடிய அங்கன்வாடி ஊழியர்கள் எதிர்த்ததும் இதே தந்திரத்தைத்தான். அந்தப் போராட்டத்தின் மீது அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் ஏவப்பட்டது. ஊதியம் கேட்டால் சேவை, வேலைநிறுத்தம் செய்தால் அத்தியாவசியப் பணி!

சட்டத்திலும் ஓர் ஓட்டை உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவல்துறை அதிகாரியின் ஆணைக்கு ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. அதிகாரமில்லாத தன்னார்வலரின் கைச்சைகையை லாரி மதிக்காமல் சென்றால், இந்தப் பிரிவு அவருக்குத் துணை நிற்காது. பிரிட்டனில் 1953-இல் இயற்றப்பட்ட சட்டம், பள்ளிக் கடவைக் காவலர் பலகையைக் காட்டினால் வாகனம் நின்றே ஆக வேண்டும் என்று விதித்தது. ஆனால் காவலரை அமர்த்துவதை உள்ளாட்சியின் கட்டாயக் கடமையாக ஆக்கவில்லை. 2010-க்குப் பின் சிக்கன நடவடிக்கை வந்தபோது, பல ஊர்களில் முதலில் வெட்டப்பட்டவற்றில் இப்பணியிடங்களும் அடங்கும். அதிகாரமும் வேண்டும், கட்டாயமும் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

எனவே கோரிக்கை தெளிவானது. போக்குவரத்து மிகுந்த சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி ஆகியவை நிரந்தரக் கடவைக் காவலர் பணியிடத்தை உருவாக்க வேண்டும். அப்பகுதி உழைக்கும் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். காலையும் மாலையும் மட்டுமே பணி என்று காட்டி அரைச் சம்பளம் கொடுக்காமல், இடைப்பட்ட நேரத்துக்கு உள்ளாட்சிப் பணி ஒதுக்கி முழு ஊதியம் வழங்க வேண்டும். வாகனத்தை நிறுத்தும் அதிகாரத்தை மாநில அரசு சட்டப்படி அளிக்க வேண்டும். பாதசாரிகள் தொடர்பான விதிகளை வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு ஆணையிட்டுள்ளது. அந்த விதிகளில் இதற்கு இடம் கேட்பது நியாயமான கோரிக்கையே.

கட்சிக் கிளைகளின் வேலை பள்ளி வாசலில் தொடங்குகிறது. தோழர்கள் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அங்கே நின்று, கடக்கும் பிள்ளைகளையும் நிற்காத வாகனங்களையும் எண்ண வேண்டும். அந்தக் கணக்கைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிப் பெற்றோரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஆசிரியர் சங்கத்தையும் நகராட்சித் தொழிலாளர் சங்கத்தையும் இணைத்து ஆணையரைச் சந்திக்க வேண்டும். சிறு கோரிக்கை என்று இதை ஒதுக்குபவர், தன் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் வரை வேலைத்தளத்தில் மனம் பதைக்கும் தாயிடம் கேட்டுப் பார்க்கட்டும்.