வேலை நடந்ததற்கு அத்தாட்சி

 மறைமலை நகரில் நான் தலைமை ஏற்கும் இந்த அவையில் பேராசிரியர்களும், ஒரகடத்திலிருந்தும் திருப்பெரும்புதூரிலிருந்தும் வந்திருக்கும் ஆலைப் பொறியாளர்களும், மாணவர்களும் கூடியிருக்கிறீர்கள்.

வாட்ச்டாக் டைமரின் இயக்கம் அவை அறிந்ததுதான். தனி எண்ணி ஒன்று கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்துக்குள் மென்பொருள் வந்து அதை நிரப்ப வேண்டும். வராவிட்டால் எண்ணி பூஜ்யத்தைத் தொடும், கணினி ரீசெட் ஆகும். பிழையில்லாமல் எழுதினால் இது எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சோதனைக்கூடத்தில் ஒருபோதும் சேர்ந்து வராத இரண்டு நிகழ்வுகள் கார் சாலையில் ஓடும்போது ஒரே நொடியில் சேர்ந்து வரும். ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டு பணிகள் உறைந்துவிட்டால், உறைந்த மென்பொருள் தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாது.

இதுவரை எவருக்கும் மறுப்பிருக்காது. அந்த எண்ணியை நிரப்புவது யார் என்பதைத்தான் இன்று நான் அழுத்திக் கேட்க விரும்புகிறேன்.

இதற்கு ரயிலில் ஓர் ஒப்புமை உண்டு. நம் ஊர் வழியே ஓடும் புறநகர் மின்வண்டியில் ஓட்டுநர் ஒரு கைப்பிடியை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். கை தளர்ந்தால் பிரேக் விழும். ஆனால் கைப்பிடி அறிவது அழுத்தத்தை மட்டுமே. மயங்கியவரின் உடற்பாரமும் அழுத்தம்தான். ரயில் எஞ்சின்களில் உள்ள விழிப்புக் கருவி இதைவிட நுட்பமானது. ஓட்டுநர் வேகத்தை மாற்றுவது, ஹாரன் அடிப்பது, பிரேக் போடுவது போன்றவற்றை அது அத்தாட்சியாக ஏற்கிறது. சுமார் ஒரு நிமிடம் இவற்றில் எதுவும் நடக்காவிட்டால் விளக்கு மின்னும், பின்னர் ஒலி எழும், அதற்கும் பதில் இல்லையென்றால் வண்டி நிறுத்தப்படும். செய்த வேலையே உயிரோடிருப்பதற்குச் சாட்சி.

மென்பொருளில் இந்த நெறி எளிதில் மீறப்படுகிறது. கடிகாரக் குறுக்கீட்டிலேயே எண்ணியை நிரப்பிவிடுவது வசதியான வழி. முக்கியப் பணிகள் எல்லாம் செத்துக்கிடந்தாலும் குறுக்கீடு மட்டும் தவறாமல் வரும். வாட்ச்டாக் எதையும் கண்டுகொள்ளாது. 2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் 2005-ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி கார் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்த விபத்து தொடர்பான வழக்கில் மைக்கேல் பார் அளித்த நிபுணர் சாட்சியம் இந்தக் குறையையும் சுட்டியது. ஜூரி டொயோட்டாவைப் பொறுப்பாக்கியது. அதற்கு முன் 2011-இல் வெளிவந்த நாசா ஆய்வு, டொயோட்டா கார்களின் கட்டுக்கடங்காத வேகத்துக்கு மின்னணுக் காரணம் எதையும் கண்டறியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விபத்தின் காரணம் பற்றிய விவாதம் எப்படியிருந்தாலும், குறுக்கீட்டிலிருந்து எண்ணியை நிரப்புவது தவறு என்பது என் தீர்மானமான கருத்து. கார் செய்யும் ஊர்களில் இருந்துகொண்டு இதை நாம் மெத்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வழி இல்லாமல் இல்லை. கார் மென்பொருளுக்கான ஆட்டோசார் கட்டமைப்பின் வாட்ச்டாக் மேலாளர் ஒவ்வொரு பணியும் உரிய தடவை ஓடியதா, கெடுவுக்குள் முடித்ததா, படிகளை வரிசை மாறாமல் கடந்ததா என்று பார்க்கிறது. சாளர வகை வாட்ச்டாக், முன்கூட்டியே வந்து நிரப்பினாலும் ரீசெட் செய்துவிடும்.

ரீசெட் செய்வதோடு கடமை முடிந்துவிடுவதும் இல்லை. 1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் சில நாட்களில் அடுத்தடுத்து ரீசெட் ஆனது. வானிலைக் கருவியின் தாழ்முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. இடைப்பட்ட முன்னுரிமைப் பணிகள் அதை ஓடவிடவில்லை. அந்தப் பூட்டுக்காக உயர்முன்னுரிமைப் பணி காத்துக் கிடந்தது. குறித்த நேரத்தில் வேலை முடியாததைக் கண்காணிப்பு நிரல் கண்டு ரீசெட் செய்தது. கலம் பிழைத்தது, காரணம் மட்டும் அப்படியே இருந்தது. பொறியாளர்கள் பூமியில் அதே நிலையை உருவாக்கி, மென்பொருளில் விட்டுவைத்திருந்த தடப்பதிவு வசதியால் காரணத்தைப் பிடித்தார்கள். பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்கு, அதற்காகக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தரும் முன்னுரிமை மரபுரிமை என்ற அமைப்பை இயக்கும் திருத்தத்தைப் பூமியிலிருந்தே அனுப்பினார்கள். பதிவு இல்லாமல் போயிருந்தால் அந்த ரீசெட்டுகள் புரியாத தொல்லையாகவே நின்றிருக்கும்.

கட்டுரை படிக்க வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலில் எண்ணியை நிரப்பும் வரி எங்கே இருக்கிறது, ரீசெட்டின் காரணம் எங்கே பதிவாகிறது, பிழைதிருத்தும்போது அணைத்த வாட்ச்டாக் ஆலையை விட்டுப் போகுமுன் மீண்டும் இயக்கப்பட்டதா என்று யார் சோதிக்கிறார்கள் என்பதை முதலில் அவைக்குச் சொல்லுங்கள். பிறகு உங்கள் முடிவுகளுக்கு வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.