இயந்திரம் இல்லாமல் 300 கிலோமீற்றர்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் இங்கிலாந்தில் வாழும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கிளைடர் ஓட்டுகிறேன் என்றதும் தோழிகள் கேட்பது ஒரே கேள்விதான்: "இயந்திரம் இல்லையென்றால் விழுந்துவிடாதா?" விழாது. ஆனால் இறங்கிக்கொண்டே இருக்கும். அசையாத காற்றில் 1,000 மீற்றர் உயரத்திலிருந்து என்னுடைய கிளைடர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் போகும். அதற்கு அப்பால் போவதென்றால் வழியிலேயே உயரம் சம்பாதிக்க வேண்டும்.

அது எப்படி என்பதை இந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே படித்திருக்கிறோம். முகவை நீரின் அடியில் பொற்றாசியம் பரமங்கனேற்றைப் போட்டுச் சூடாக்கினால் ஊதா நிறம் மேலெழுமே, அதே மேற்காவுகைதான். உழுத வயலும் ஊர்க் கூரைகளும் ஈரப் புல்வெளியைவிட விரைவாகச் சூடேறும். அவற்றின் மேலுள்ள காற்று எழுந்து, உயரே குளிர்ந்து, பஞ்சுப் பொதிபோல முகிலாகும். முகிலின் அடி தட்டையாகவும் கருமையாகவும் இருந்தால் கீழே ஏறுகாற்று இருக்கும். ஓரம் பிய்ந்து கரையும் முகிலை நம்பக் கூடாது.

ஒரு கோடைநாள். முதல்நாள் மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஹாம்ப்ஷயரிலுள்ள லாஷமிலிருந்து நோர்தம்டன், அங்கிருந்து ஈவ்ஷம், பிறகு மீண்டும் லாஷம்: 300 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். இழுவை விமானம் 600 மீற்றரில் என்னை விட்டபோது காலை 11 மணி. முதல் இரண்டு பக்கங்களும் சுகமாகவே போயின. செக்கனுக்கு இரண்டு மீற்றர் ஏற்றம், 1,400 மீற்றரில் முகிலடி. உண்மையில், ஏறுகாற்றில் வட்டமிடுவதைவிட அதை விட்டுப் புறப்படுவதுதான் கடினம். கையிலுள்ள உயரத்தைச் செலவழித்து, இன்னும் காணாத காற்றை நோக்கிப் போகவேண்டுமே!

ஒக்ஸ்போர்ட்டுக்குத் தெற்கே உயர்முகில் வெயிலை மூடியது. 350 மீற்றருக்கு இறங்கிவிட்டேன். மின்கம்பியோ மாடுகளோ இல்லாத ஓர் அரிதாள் வயலைத் தெரிந்தெடுத்து, காற்றின் திசையும் பார்த்துக்கொண்டேன். வயலில் இறங்குவது விபத்தல்ல. யாராவது ட்ரெயிலருடன் வந்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றிப்போவார்கள். என் கணவர் அன்று ட்ரெயிலரைக் காரில் கொளுவியே வைத்திருந்தார். (நம்பிக்கையின்மை அல்ல, முன்யோசனை என்பது அவருடைய வாதம்.)

அப்போதுதான் வயலின் மூலையில் ஒரு பருந்து இறகசைக்காமல் வட்டமிட்டது. நம்மூர்ச் செம்பருந்துக்கு உறவுமுறை. இங்கிலாந்தில் ஒருகாலம் அழிந்துபோய், மீளக் குடியேற்றப்பட்ட இனம். அதன் கீழே போய் நானும் வட்டமிட்டேன். செக்கனுக்கு அரை மீற்றர்தான். மேலே வர இருபது நிமிடம் எடுத்தது. அடுத்த முகில் என்னை 1,200 மீற்றருக்குத் தூக்கியது. லாஷத்துக்கு இன்னும் 35 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தேன்: போதும், ஆனால் மட்டுமட்டு. இனி வட்டமில்லை என்று மூக்கை நேராகத் திருப்பினேன். ஓடுபாதையின் மேல் 200 மீற்றர் மிச்சத்துடன் வந்து சேர்ந்தபோது மணி நாலே முக்கால்.

இதைப் பெரிய சாதனை என்று எண்ணிவிடாதீர்கள். 1972 ஏப்ரல் 25இல் ஹான்ஸ் வேர்ணர் குரோசே என்ற ஜேர்மனியர் லூபெக்கில் கிளம்பி, பிரான்ஸின் தென்மேற்கு மூலையிலுள்ள பியாரிட்ஸில் இறங்கினார். 1,460 கிலோமீற்றர்! எனக்கோ ஆறு மணித்தியாலத்துக்குள்ளேயே முழங்கால் மடங்க மறுத்தது.

நான் பழகத் தொடங்கியது 52ஆவது வயதில். இங்கிலாந்துப் பக்கம் வருகிறவர்கள் சொல்லுங்கள், பயிற்றுநருடன் இரட்டை ஆசனக் கிளைடரில் ஏற்றிவிடுகிறேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொண்டுவந்தால் போதும்.