சான்றும் துணிபும்

வரலாற்றுக் கட்டுரை எழுதப் புகும் மாணாக்கர் பலர் இடறுவது தலைப்பிலேயே. ‘யாழ்ப்பாணத்து அரசர்’ என்று ஏட்டின் முகப்பில் எழுதி, ஒரு மாதம் நூலகத்தில் இருந்து குறிப்பெடுப்பர். குறிப்புகள் குவியும், சொல்லவேண்டியது யாதென மட்டும் விளங்காது. அவர்கள் எழுதி வைத்தது ஒரு பொருளின் பெயர். ஆய்வுக்கு வேண்டுவதோ துணிபு. அஃதாவது, பிறர் மறுத்தற்கும் சான்றினால் நிறுவுதற்கும் இடந்தரும் ஒரு முழு வாக்கியம். சிவஞானபோதம் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையில் அமைந்திருத்தலைத் தமிழ் மாணாக்கர் அறிவர். மேற்கோளை வகுக்காமல் ஏதுக்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போவதனால் ஆவதென்ன?

அப்பெரும் பொருளினின்று ஒரு சிறு வினாவைப் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். நல்லூரில் அரசிருந்த சங்கிலி ஒருவனா, இருவரா?

முதலிற் கைக்கு எட்டுவது யாழ்ப்பாண வைபவமாலை. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், அவ்வாட்சியின் அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டபடி மயில்வாகனப் புலவர் இயற்றிய உரைநடை நூல் அது. கைலாயமாலை, வையாபாடல் முதலிய முன்னூல்களைத் தழுவியது. அந்நூலிற் சங்கிலி ஒருவனே. மன்னாரிற் கிறித்தவரைக் கொல்வித்தவனும் அவனே. போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தவனும் அவனே.

இனி மறுபக்கத்துச் சான்றுகளை நோக்குவோம். மன்னார்க் கொலை நிகழ்ந்தது 1544இல். அதனை அக்காலத்திலேயே தம் கடிதங்களிற் குறித்தவர் பிரான்சிசு சவேரியார். நல்லூர் பிலிப்பு தெ ஒலிவேராவின் படையிடம் வீழ்ந்தது 1619இல். இடைப்பட்ட காலம் 75 ஆண்டு. அதற்குள், 1591இல், போர்த்துக்கேயர் படையெடுத்து வந்து எதிர்மன்னசிங்கனை அரசனாக்கியுமிருந்தனர். முன்னதைச் செய்த அரசனே பின்னதற்கும் இருந்தான் என்றல் பொருந்துமா?

இங்கே அவசரப்படும் மாணாக்கன், போர்த்துக்கேயர் எழுதியவெல்லாம் மெய், புலவர் எழுதியவெல்லாம் கதை என்று முடிவுகட்டிவிடுவான். அதுவும் பிழை. சவேரியார் அவ்வரசன் தண்டிக்கப்படவேண்டும் என விரும்பியவர். ஆகவே நிகழ்ச்சிக்கும் காலத்துக்கும் அவர் கடிதங்கள் வலிய சான்றாகும். மன்னனுடைய குணத்துக்கும் நோக்கத்துக்கும் அத்துணை வலிய சான்று ஆகா. குவேறோஸ் பாதிரியாரின் பெருநூலையும் அவ்வாறே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அவர் அதனை 1687இற் கோவையில் அன்று, கோவாவில் இருந்து எழுதி முடித்தார். இலங்கையில் அடி வைத்தவரல்லர். முன்னையோர் எழுத்துக்களைத் திரட்டியதே அவர் நூலின் பயன். நூலின் பருமனைக் கண்டு மயங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

சான்றுகளை எண்ணும்போதும் விழிப்பு வேண்டும். வைபவமாலையைக் கிறித்தோபர் பிரித்தோ 1879இல் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பைப் பார்த்து ஒருவரும், அவரைப் பார்த்து மற்றொருவரும் எழுதினால், நூல் நான்காகும், சாட்சியோ ஒன்றே. ஒரே கிணற்று நீரை நான்கு குடத்தில் மொண்டு வைத்துக்கொண்டு நான்கு கிணறு என்று கணக்கிடலாகாது.

பிற்காலத்து ஆராய்ச்சியாளரை அணுகுவதிலும் இந்நிதானமே வேண்டப்படும். முதலியார் இராசநாயகம் 1926இலும், சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திலும் பழைய கதைகளைச் சோதித்தனர். ஞானப்பிரகாசர் கத்தோலிக்க குரு என்பது பற்றியே அவர் கூற்றைத் தள்ளுவோரும் உளர்; பேரறிஞர் என்பது பற்றியே கொள்ளுவோரும் உளர். இரு சாராரும் சோம்பலுக்கே இடங்கொடுக்கின்றனர். அவர் காட்டும் ஆதாரத்தைத் திறந்து பார்ப்பதன்றோ முறை!

இவ்வளவும் பார்த்தபின் ஏட்டில் என்ன எழுதலாம்? ‘சங்கிலி வீரனா, கொடியவனா’ என்பது பட்டிமண்டபத்துக்கு ஏற்ற வினா. எழுதுவோன் மனச்சாய்வே அதற்கு விடையாகிவிடும். ‘வைபவமாலை நம்பத்தகாதது’ என்பதோ மிகப் பரந்த கூற்று. ‘16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட சங்கிலியையும் 1619இல் வீழ்ந்த சங்கிலியையும் வைபவமாலை ஒருவனாக்கியது’ என்று எழுதினால், அது துணிபு. அதனைத் தகர்க்க விரும்புவோன் எதைக் காட்டவேண்டும் என்பதும் அவ்வாக்கியத்திலேயே தெளிவாகின்றது.

இதனால் வைபவமாலை பயனற்றதாகிவிடுமோ எனின், ஆகாது. 1544க்கு அது தொலைவிலிருந்து கேட்ட சாட்சி. 18ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தார் தம் பழைய அரசரை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கோ நேர்ச்சாட்சி. ஒரே நூலின் மதிப்பு வினாவுக்கேற்ப மாறுகின்றது. இருவர் ஏன் ஒருவராயினர் என்று மேலும் துருவ விரும்பும் மாணாக்கன், நல்லூர் மன்னர் பரராசசேகரன், செகராசசேகரன் என்னும் பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடி வந்த வழக்கிலிருந்து தொடங்கலாம். தந்தை, மகன், பேரன் என்னும் வரிசையைப் பெயரைக்கொண்டு பிரித்தறிதல் அவ்வழக்கினால் எத்துணை அரிதாயிற்று என்பது ஏடுகளைப் புரட்டத் தொடங்கிய அன்றே அவனுக்குப் புலனாகும்.