தரிசு அன்று, மேய்ச்சல் நிலம்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிபெயர்ப்பு மேசையில் என்னை அடிக்கடி தடுத்து நிறுத்தும் சொல் ஒன்று உண்டு. உழப்படாத நிலத்தை அரசு ஆவணங்கள் 'வேஸ்ட்லேண்ட்' என்கின்றன. நாமும் பழக்கத்தால் 'தரிசு' என்று எழுதிவிடுகிறோம். எழுதிய மறுகணமே அந்நிலத்தில் வாழ்வோர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றனர். பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள். அச்செல்வத்தை வளர்த்த நிலம் எவ்வாறு தரிசாகும்?

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பன்னி எனும் புல்வெளி உள்ளது. பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். உவர் கலந்த மண். மழையோ குறைவு, அதுவும் ஆண்டுக்காண்டு மாறுவது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கால்நடை வளர்ப்போர் மால்தாரிகள் எனப்படுகின்றனர். 'மால்' என்றால் அவர்கள் வழக்கிலும் செல்வம்தான், கால்நடைதான். அவர்களது எருமைகள் இரவில் தாமே மேய்ந்து, விடியலில் கறவைக்கு ஊர் திரும்பும். 2010இல் பன்னி எருமை தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது.

இவ்வாழ்வின் பொருளாதாரம் என்ன? தொழுவத்தில் கட்டி வளர்க்கும் பால்மாட்டுக்குத் தீவனமே பெருஞ்செலவு. பன்னியில் புல்லுக்கு விலை இல்லை. ஏனெனில் புல்லுக்குத் தனி உடைமையாளர் இல்லை. மழை பொய்த்தால் மந்தையை வேற்றிடத்துக்கு ஓட்டிச் செல்லலாம். வேலிக்குள் மாடு வளர்ப்பவருக்கு அவ்வழி இல்லை. அவர் தீவனத்தை ஏறிய விலைக்கு வாங்க வேண்டும். அல்லது எல்லோரும் விற்கும் நேரத்தில் மாட்டை இறங்கிய விலைக்கு விற்க வேண்டும். ஆகவே பொதுமேய்ச்சலும் இடம்பெயரும் உரிமையும் மால்தாரியின் உற்பத்திச் சாதனங்கள். அவற்றைப் பறித்தால் மந்தை மிஞ்சினாலும் பிழைப்பு மிஞ்சாது.

பொதுமேய்ச்சலில் ஒவ்வொருவரும் இன்னுமொரு மாட்டைச் சேர்ப்பர், முடிவில் நிலம் பாழாகும் என்று 1968இல் கேரெட் ஹார்டின் வாதிட்டார். விதிகளே இல்லாத மேய்ச்சலை அவர் கற்பனை செய்தார். பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்கும் பொதுவளங்கள் நெடுங்காலம் நிலைப்பதை எலினோர் ஆஸ்ட்ரம் ஆய்ந்து காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்.

பன்னியைப் பாழாக்கியது யார்? 1955இல் அது பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. உவர் பரவலைத் தடுப்பதாகக் கூறி, 1960களின் தொடக்கத்தில் வனத்துறை 31,000 ஹெக்டேருக்கு மேல் சீமைக்கருவேலத்தை நட்டது. இராமநாதபுரம், சிவகங்கைத் தோழர்களுக்கு இம்மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது புல்லை விழுங்கியது. அதன் காய்களைத் தின்ற மாடுகள் நோயுற்றன. பசுக்களை வைத்திருந்த பலர் எருமைக்கு மாறினர். அதே மரத்தைக் கரி சுட்டுப் பிழைக்கும் ஏழைகளும் உருவாயினர். எனவே மரத்தை அகற்றும் கோரிக்கையோடு இவர்களது வேலைக்கான கோரிக்கையும் சேர வேண்டும்.

ஸ்காட்லாந்தின் சதர்லாந்தில் 15,000 மக்கள் இருந்த இடத்தை 1,31,000 ஆடுகள் பிடித்ததை 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் பதிவு செய்தார். அங்கே மேய்ச்சலுக்காக மக்கள் விரட்டப்பட்டனர். இங்கே மரத்துக்காக மேய்ச்சல் சுருக்கப்பட்டது. இரண்டிலும் முடிவெடுத்தவர் அந்நிலத்தில் உழைத்தவர் அல்லர்.

ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. புல்வெளிக்குள்ளேயே சாகுபடிக்காக வேலிகள் எழுந்தன. வேலி போட வலுவுள்ளவருக்கே வேலி இலாபம்; சிறுமந்தைக்காரருக்கு அது பாதை அடைப்பு. மால்தாரிகளின் அமைப்பே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு 2021இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 'மேய்ப்போர்' என்று ஒரே சொல்லில் அடக்கி, அவர்களிடையிலான வர்க்க வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும், நாடோடி மேய்ப்போரின் பருவகாலப் பயன்பாட்டையும் சமூக உரிமைகளாக ஏற்கிறது. ஆனால் பழங்குடிப் பட்டியலில் சேராதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வாழ்வை நிறுவ வேண்டும். இடம்பெயர்ந்து வாழ்பவரிடம் ஓரிடத்துச் சான்றைக் கேட்பது, சட்டம் தந்த உரிமையைக் கச்சேரி வாசலிலேயே பறிப்பதாகும். சான்று திரட்டவும், கிராமசபையைக் கூட்டவும், மனு எழுதவும் உடன் நிற்பதே அமைப்பின் வேலை.

உங்கள் ஊர்ப் பதிவேட்டிலும் மேய்ச்சல் புறம்போக்கு என்று ஒரு வரி இருக்கும். இன்று அந்நிலம் யார் கையில் இருக்கிறது என்று அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் பார்த்து வாருங்கள். என் பங்குக்கு, இனி அச்சொல் மேசைக்கு வரும்போது, அங்கே மேய்வது எது, வாழ்வது யார் என்று கேட்ட பின்னரே பெயர்த்து எழுதுவேன்.