படிப்பை நிறுத்தாதீங்க, புகார் எழுதுங்க

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

குழுவில் கடன் வாங்கி ஃபீஸ் கட்டி, மகளை நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ காலேஜுக்கு அனுப்புகிறோம். அவள் ஒருநாள் "அம்மா, ஒரு சார் தப்பாப் பேசுறாரு" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "வெளிய சொல்லாதே மக்களே, நாளையிலிருந்து போகவேண்டாம்." தப்பு செய்தவன் காலேஜில், நம்ம பிள்ளை அடுக்களையில். இது என்ன நியாயம்?

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்குப் பாலியல் கொடுமை நடந்தது. அவள் துணிந்து புகார் கொடுத்தாள். முதல் தகவல் அறிக்கை கசிந்து அவள் விவரமெல்லாம் பரவிவிட்டது. நாம் பயப்படுவதும் இதற்குத்தானே! ஆனால் அதற்காகவே அவளுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் விசாரித்தார்கள். 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது.

2013-ஆம் வருடச் சட்டமும், பல்கலைக்கழக மானியக்குழுவின் 2015-ஆம் வருட விதிகளும் காலேஜில் உள்ளகப் புகார்க் குழு இருக்கணும் என்கின்றன. தலைவர் பெண்தான். நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கணும், 90 நாளில் விசாரணையை முடிக்கணும், பெயரை வெளியிடக் கூடாது. தேதி, இடம், பார்த்தவர்கள் எல்லாம் எழுதுங்க. செல்லில் வந்த மெசேஜை வெட்கப்பட்டு அழிச்சிடாதீங்க, அதுதான் சாட்சி. புகாரின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 181.

அட்மிஷனுக்குப் போனால் ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்கிறோமே, அந்தக் குழுவில் யார் யார் என்றும் கேளுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெயர்களை எழுதிக்கொண்டு வாங்க.