முதியோரைப் பேணும் செவிலியர்



பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் தில்லிக்கும் புனேக்கும் சூரத்துக்கும் சென்று குடியமர்ந்த தமிழராகிய நமக்கு, ஊரிலிருந்து வரும் தொலைபேசிச் செய்திகளுள் நெஞ்சை நடுங்கச் செய்வது ஒன்று உண்டு. தாயார் குளியலறையில் விழுந்துவிட்டார் என்பதோ, தந்தையார் நேற்று முதல் முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்பதோ அச்செய்தியாக இருக்கும். உடனே மருத்துவர் யார், மருத்துவமனை எது, செலவு எவ்வளவு என்று கேட்கிறோம். இரவு பகலாக அம்முதியவரின் அருகில் இருக்கப்போகிற செவிலியர் எத்தகையவர், முதுமையின் இயல்பு அறிந்து பணிபுரியும் பயிற்சி அவருக்கு உண்டா என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. அக்கேள்வியைக் குறித்துத்தான் இன்று பேச எண்ணுகிறோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு 'உழைச்செல்வான்' என்று நான்காமவர் ஒருவரையும் சேர்த்தே எண்ணுகிறது. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருந்து இயங்குபவர் என்பது பொருள். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதை இவருக்கு வேண்டிய குணங்கள் நான்கு என்கிறது: பணிவிடை முறையை அறிந்திருத்தல், கைத்திறன், அன்பு, தூய்மை. அன்பு இதில் மூன்றாவதாகவே நிற்பதைக் கவனிக்க வேண்டும். கிழவர் கிழவியரைப் பார்த்துக்கொள்ள அன்பு ஒன்றே போதும், பொறுமையுள்ள எவரும் செய்துவிடலாம் என்று நாம் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மை அவ்வாறில்லை. இது கற்று, பழகி, கண்ணும் கையும் தேர்ந்த பிறகே கைவருகிற தொழில்.

சித்தூர், திருப்பதி வட்டாரத்தை இப்பேச்சுக்கு நாம் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. வட ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி முதலான பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஆயினும் சித்தூர், நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல அப்படியே இருந்துவிட்டன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு இத்தனை முறை நகர்ந்தும் வீட்டுக்குள் பேசும் மொழி நகரவில்லை. தெருவில் தெலுங்கு, அடுப்பங்கரையில் தமிழ் என்று வாழ்ந்து மூத்தவர்கள் அங்கே மிகுதி. அவர்கள் நோயுற்றுப் படுக்கும்போது, இரு மொழிகளுக்கு நடுவில் ஒரு செவிலியருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது நன்றாகப் புலப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. தமிழ் மூதாட்டி ஒருவர், "ஆயாசமாக இருக்கிறது" என்கிறார். நமக்கு ஆயாசம் என்றால் களைப்பு. தெலுங்கிலோ ஆயாசம் என்பது மூச்சிரைப்பு. தமிழ் அறியாத செவிலியர் உடனே உயிர்க்காற்றுக் குழாயைத் தேடுவார். அவசரப்பட்டதனால் கேடில்லை என்று இதை விட்டுவிடலாம். "காலெல்லாம் கடுப்பு" என்று ஒரு பெரியவர் முனகும்போதோ நிலைமை வேறு. தெலுங்கில் கடுப்பு என்று ஏறத்தாழ ஒலிக்கும் சொல்லுக்கு வயிறு என்று பொருள். கால் நரம்பில் இரத்தம் உறைந்து வலிக்கும் நோயாளிக்கு வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, செரிமான மருந்து கொடுத்துப் போய்விடக் கூடும். நம் மொழியில் வலிக்குத்தான் எத்தனை பெயர்கள்! குத்தல் வேறு, குடைச்சல் வேறு, எரிச்சல் வேறு, இசிவு வேறு, மதமதப்பு வேறு. "எங்கே வலிக்கிறது?" என்று மட்டும் கேட்டு, எப்படி வலிக்கிறது என்று கேளாத செவிலியர் பாதிச் செய்தியை இழந்துவிடுகிறார். இன்னொன்று: "வெளிக்குப் போகவேண்டும்" என்று நம் கிராமத்துப் பெரியவர் கூசிக் கூசிச் சொல்லும்போது, அவர் வாசலைத் தாண்டி ஓடப் பார்க்கிறார் என்று எண்ணிக் கட்டிலோடு கட்டிப் போட்டால் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

சித்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த செவிலியர்களுக்கு இவ்விரு மொழியும் இயல்பாகவே வாய்த்திருப்பது ஒரு பெரும் செல்வம். ஆனால் அதற்கு எந்தச் சான்றிதழிலும் ஒரு வரி இடம் இல்லை. வேற்றூரிலிருந்து வந்து பணி செய்யும் செவிலியர்களோ பதினைந்து இருபது சொற்களைக் கற்றுக்கொண்டாலே பெரும்பயன் விளையும்.

நினைவு தேயும் நோயில் பெரும்பாலும் பிற்காலத்தில் கற்ற மொழியே முதலில் விலகுகிறது. நாற்பது ஆண்டுகள் இந்தியிலோ தெலுங்கிலோ அலுவல் பார்த்தவர் ஒரு நாள் தமிழ் தவிர வேறெதற்கும் விடை சொல்லாமற் போவதுண்டு. தில்லியிலுள்ள மகன் வீட்டுக்கு வந்து நோயுற்ற தாயாருக்கும் இதுவே நேரலாம். அவர் தெளிவாகத்தான் பேசுகிறார். கேட்பவர்க்குத் தமிழ் தெரியாது. குறிப்பேட்டிலோ 'குழப்பம்' என்று எழுதப்பட்டுவிடுகிறது.

குழப்பம் என்னும் அந்தச் சொல்லைச் சற்று நின்று ஆராய வேண்டும். முதியோர் பணியில் செவிலியரின் திறமை வெளிப்படும் முதல் இடம் அதுவே. இளைஞருக்கு நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ கிருமி புகுந்தால் காய்ச்சல் அடிக்கிறது. முதியவருக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். அதற்கு மாறாக, ஓரிரு நாளில் அறிவு மங்குகிறது. காலையில் தெளிவும் மாலையில் மயக்கமுமாக மாறி மாறி வருகிறது. சொல்வதைக் கவனிக்க இயலவில்லை. சன்னி என்று நம் முன்னோர் சொன்ன நிலைக்கு இது நெருங்கியது. இதனை மூப்பின் மறதி என்று ஒதுக்குவது உயிருக்கே உலை வைத்துவிடும். நினைவு தேய்தல் மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் வருவது. சன்னி மணிக்கணக்கில் வருவது. மாதப் பெயர்களைப் பின்னிருந்து, பங்குனி, மாசி, தை என்று சொல்லச் செய்து பார்ப்பது எளிய சோதனை. நேற்று வரை சொன்னவர் இன்று தடுமாறினால் மருத்துவரை அழைக்க வேண்டும். கத்திக் கூச்சலிடுபவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடப்பவரை 'தொந்தரவு இல்லாத நோயாளி' என்று மெச்சுவார்கள். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் தவறவிடப்படுகிறது.

இனிப் படுக்கைப் புண். 1962-இல் இலண்டனில் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியர், மெக்லாரன், எக்ஸ்ட்டன்-ஸ்மித் ஆகியோருடன் சேர்ந்து, மருத்துவமனை முதியோரிடையே செய்த ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். உடல் நிலை, மன நிலை, நடமாட்டம், அசையும் ஆற்றல், மலசலம் அடக்கும் ஆற்றல் என ஐந்துக்கும் மதிப்பெண் இட்டு, 20-க்கு 14-உம் அதற்குக் கீழும் வந்தால் புண் வரும் என்று எதிர்பார்த்துக் காக்கவேண்டும் என்றார். தைலங்களும் களிம்புகளும் அல்ல, வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பதே புண்ணைத் தடுக்கிறது என்பது அவ்வாராய்ச்சியின் பயன். ஒரு செவிலியர் தம் அன்றாட வேலையையே ஆராய்ந்து உலகுக்குக் கொடுத்த விதி இது என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பொதுவாக இரண்டு மணிக்கொரு முறை புரட்டுதல் வழக்கம். நோயாளிக்கும் மெத்தைக்கும் ஏற்ப இது மாறும். இழுக்கக் கூடாது, விரிப்போடு தூக்கி நகர்த்த வேண்டும், ஏனெனில் முதியவரின் தோல் காகிதம் போன்றது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்து மீளவேண்டும். வெளுக்கவில்லையானால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. பாடநூல்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை எண்ணியே இதை எழுதியுள்ளன. நம்மவர் கருநிறத் தோலில் சிவப்புத் தெரியாது. பக்கத்துத் தோலைவிட அவ்விடம் வெதுவெதுப்பாக இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தே அறிய வேண்டும். அழுத்தித் தேய்த்துவிடும் பழைய வழக்கம் தவறு என்று இன்று தெளிந்துள்ளது. ஆனாலும் நல்லெண்ணத்தோடு தேய்க்கும் உறவினர் குறையவில்லை!

முதியோர் மருத்துவம் என்னும் துறையே இப்படிப் படுக்கையில் கிடந்தவர்களிடமிருந்து தோன்றியதுதான். 1935-இல் இலண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டாக்டர் மார்ஜரி வாரன், நாட்பட்ட நோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டிருந்த 714 பேரை ஏற்றுக்கொண்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, எழுப்பி, நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். நம் நாட்டில் 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. செவிலியருக்கும் முதியோர் பணியில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

திருப்பதிக்கு வருவோம். 1960-இல் தொடங்கிய வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், அதனோடு இணைந்த ரூயா மருத்துவமனையும், தேவஸ்தானத்தின் துணையோடு எழுந்த சுவிம்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகமும் அங்கே இருக்கின்றன. புரட்டாசி மாதத்தில் தமிழ் யாத்திரிகர் திரள் திரளாக வருகின்றனர். அலிபிரி வழியாக 3,500-க்கும் மேற்பட்ட படிகள். ஸ்ரீவாரி மெட்டு வழியாக 2,300-க்கும் மேற்பட்டவை. நேர்த்திக்கடன் என்று எழுபது வயதுக்காரரும் ஏறத்தான் செய்கிறார். நீரிழிவுக்கு மாத்திரை உண்டுவிட்டு, சாமி பார்க்கும் வரை உணவு வேண்டாம் என்று இருந்துவிடுபவர்கள் உண்டு. சர்க்கரை இறங்கி வரிசையிலேயே மயங்குகிறார்கள். அடிக்கடி சிறுநீர் கழிக்க இடம் தேடவேண்டுமே என்று தண்ணீரே குடியாதவர்களும் உண்டு. முதுமையில் தாக உணர்ச்சி குறைந்துவிடுவதால் அவர்களுக்கு அது தெரிவதும் இல்லை. மயங்கி விழுந்தவரின் இரத்த அழுத்தத்தைப் படுக்கையில் மட்டும் அளந்து 'சரியாக இருக்கிறது' என்பது முதியோர் பணியில் அரைவேலை. படுத்த நிலையில் அளந்து, பிறகு எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 இறங்கினால் விழுந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. பல வேளைகளில் அதற்குப் பின்னால் ஒரு மாத்திரை இருக்கும். நான்கு மருத்துவர் எழுதிய பத்து மாத்திரைகள் ஒரு பையில் கிடக்கும். அந்தப் பையைக் கவிழ்த்துப் பார்க்கும் செவிலியரே கைதேர்ந்தவர் என்போம்.

பேச்சிலும் ஒரு திறன் உண்டு. செவி மங்கிய முதியோர்க்கு முதலில் கேளாமற் போவது உச்சத் தொனி. ஆகவே கீச்சுக் குரலில் கத்துவதால் பயனில்லை. முகத்துக்கு நேரே நின்று, தாழ்ந்த குரலில் நிறுத்திப் பேச வேண்டும். எல்லாரையும் 'பாட்டி', 'தாத்தா' என்று அழைத்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. சிலருக்கு அது இனிக்கும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு 'ஐயா' என்பதே பொருந்தும். தெலுங்கில் பெரியவரை 'பெத்தாயனா' என்று அழைக்கும் அழகு நமக்குப் பிடித்தமானதே. எது வேண்டும் என்று அவரையே கேட்டுவிடலாம்.

ஊரிலிருந்து தொலைவில் இருக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 70 வயதைக் கடந்தவர்க்கு, 2024 அக்டோபர் முதல், வருமானம் பாராமல் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் திட்டத்தின் அட்டையை முன்கூட்டியே எடுத்து வைப்பது நலம். அதோடு ஒரு தாளில், அவர் உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்து, அவருக்குப் பழக்கமான உணவு, எந்த மொழியில் பேசினால் விளங்கும், எந்தச் செவி நன்றாகக் கேட்கும் என்பவற்றை எழுதி, அம்மொழிச் சொற்கள் பத்துக்கு மருத்துவமனை மொழியில் பொருளும் எழுதி அட்டையோடு வைக்கலாம். மருத்துவமனைக்குப் புறப்படும் அவசரத்தில் பணமும் உடையும் நினைவுக்கு வரும். மூக்குக் கண்ணாடியும் பல் செட்டும் காதுக் கருவியும் அலமாரியிலேயே தங்கிவிடும். அவற்றை ஒரு சிறு பையில் இட்டு, பையின்மேல் பெயரெழுதி, செவிலியர் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும்.